பழைய ஆங்கிலேயப் பண்ணைவீட்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட், சசெக்ஸ் பக்கம் பழைய பண்ணைவீடு ஒன்றைப் பார்க்கப் போனால், அதன் முகப்பை நம்பாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் கையில் காசு சேர்ந்த விவசாயிகள் பலர், பழைய மரச்சட்ட வீட்டின் முன்னால் செங்கல் சுவர் எழுப்பி, வரிசையாக ஜன்னல் வைத்துப் புது வீடாக்கிவிட்டார்கள். நான் முதலில் கொல்லைப்பக்கம்தான் போவேன். யாரும் செலவு செய்யாத பக்கம் அது. ஓக் தூண்களும், குச்சிப் படலில் மண் பூசிய சுவரும் அங்கே தப்பிப் பிழைத்திருக்கும்.

அடுத்தது கூரை. இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கும் 'வீல்டன்' வகை வீட்டில் இரு ஓரங்களிலும் மாடி உண்டு. அது முன்பக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் தரையிலிருந்து கூரை வரை ஒரே கூடம். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை என்பதால் நடுப்பகுதி உள்வாங்கியது போலத் தெரியும். அங்கே கூரை விளிம்பை வளைந்த மரங்கள் தாங்கும். கண் பழக வேண்டுமானால் மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய் 'பேலீஃப்' வீட்டைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட்டில் கட்டியது. பவ் பீச் நீர்த்தேக்கம் வந்தபோது மரம் மரமாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தக் கூடத்தில் புகைபோக்கி கிடையாது. தரை நடுவில் நெருப்பு, புகை கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் நான் எந்த வீட்டிலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்குள் ஏறிவிடுவேன். கைமரங்கள் கரி படிந்து கறுத்திருந்தால், அந்த வீட்டில் ஒரு காலத்தில் கூரை வரை திறந்த கூடம் இருந்தது. நடுப்பகுதி மட்டும் கறுத்து ஓரங்கள் வெளுப்பாக இருந்தால், கூடம் எங்கே முடிந்தது என்றே காட்டிவிடலாம். ஒரு எச்சரிக்கை: கரி, மர ஆணியின் தலை மேலும் இணைப்புகளின் மேலும் தொடர்ச்சியாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேறு வீட்டிலிருந்து வந்த பழைய மரமாக இருக்கலாம். வெற்றுத் துளைகள் தெரிந்தால் வீட்டுக்காரர் "உடைத்த கப்பல் மரம்" என்பார். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், பெரும்பாலும் அதுவும் இன்னொரு கட்டடத்தின் மரம்தான்.

இப்போது இருக்கும் புகைபோக்கி எப்போது வந்தது? பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில். அதோடு கூடத்தின் நடுவே தளம் போட்டு மேலே அறைகளும் செய்தார்கள். வாசலைத் திறந்தவுடன் செங்கல் அடுக்கு மறித்தால், பழைய குறுக்கு நடையில் (முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை வீட்டின் குறுக்கே போகும் வழி) புகைபோக்கியைக் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

உத்திரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால், அங்கே கண்ணாடியில்லாத ஜன்னல் இருந்தது. மரங்களில் ரோமன் எண்கள் கீறியிருந்தால் அது தச்சர் போட்ட அடையாளம்: பட்டறையில் சட்டத்தைச் செய்து, கழற்றி, மனையில் மறுபடி பூட்டியபோது எது எங்கே என்று தெரிய. உத்திரம் முறுக்கிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பச்சை ஓக்கில் செய்வதால் காய்ந்தபோது முறுக்கியிருக்கும்.

சரியான ஆண்டே வேண்டுமென்றால் மரவளைய ஆய்வுதான் (மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் காலம் கணிப்பது) வழி. பட்டையை ஒட்டிய வெளிமரம் முழுதாக மிஞ்சியிருந்தால், வெட்டிய ஆண்டு கிடைக்க வாய்ப்புண்டு. கரியை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டை அதன் தன்மை கெடும்படி அனுமதியின்றி மாற்றுவது இங்கிலாந்தில் கிரிமினல் குற்றம்.