ஏற்காட்டுக் காப்பிக் கட்டையில் லேஸ் பாபின் கடைதல்

திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பாபின்களை (மெல்லிய மரக்குச்சிகளை) இணை இணையாக மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் வேலை, 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் போன்றோரின் முயற்சியால் நாகர்கோவிலில் வேரூன்றியது. அதற்கு வேண்டிய பாபின்களைச் சேலத்தில் ஒரு சிறிய மரக்கடைசல் லேத் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் வயதான காப்பிச் செடிகளை அகற்றும்போது விறகுக்குப் போகும் அடித்தண்டு, கடினமும் நெருக்கமான இழையும் கொண்டிருப்பதால் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாபினில் நூல் சுற்றும் மெலிந்த கழுத்தை அது தாங்காது. பச்சைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றுப்பகுதியை நீக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் உலர்த்த வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மலையின் ஈரக்காற்றில் உலர்ந்த கட்டை, சேலத்து வெயிலுக்கு வந்தபின் இன்னும் சுருங்கும் என்பதால், கடைவதற்கு முன் சில வாரங்கள் பட்டறையிலேயே கிடக்க விடுவது நல்லது.

உலர்ந்த கட்டையிலிருந்து 10 மி.மீ. சதுரமும் 120 மி.மீ. நீளமும் உள்ள குச்சிகளை அறுத்து, ஒரு முனையை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பிடித்து, மறுமுனையை எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் மெதுவாக மட்டும் தாங்க வேண்டும். அழுத்தினால் குச்சி வில்லாக வளைந்து அதிரும். கழுத்து டெயில்ஸ்டாக் பக்கம் அமைந்தால், லேத்தின் முறுக்கு விசை அந்த மெலிந்த பகுதியின் வழியாகப் போகாது. முதலில் குழியுளியால் உருட்டி, சாய்வு முனை உளியால் உடலை 6 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்த பிறகே, நூல் சுற்றும் கழுத்தை ஏறக்குறைய 3 மி.மீ. வரை மெலிவிக்க வேண்டும்.

நூலைத் தாங்குவது கழுத்தும், அதற்கு மேல் நுனியில் நூலை மாட்டி நிறுத்தும் தலைப்பள்ளமும்தான் என்பதால், உடலில் வளையங்கள் கடைவதற்குச் செலவிடும் பொறுமையைவிட அதிகமான பொறுமையை இவ்விரண்டுக்கும் தர வேண்டும். நுண்ணிய உப்புத்தாளைச் சிறு துண்டாகப் பிடித்துத் தேய்க்கலாம். அதை விரலில் சுற்றிக்கொள்வதும், தொங்கும் துண்டோ துப்பட்டாவோ அணிந்து லேத்தருகே நிற்பதும் ஆபத்து. மூக்கை மூடும் முகக்கவசமும் அவசியம். தேய்த்த கழுத்தின்மேல், சேலத்து வெண்பட்டுத் தறியில் கழிவாக விழும் இழையொன்றை இழுத்துப் பாருங்கள். எங்கேனும் சிக்கினால் வேலை முடியவில்லை. எண்ணெய் வெள்ளை நூலில் கறையாக இறங்கும் என்பதால், கழுத்தில் அதைத் தவிர்த்து, தேன்மெழுகை மிகக் குறைவாகத் தடவி, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதி வழக்கப்படி, வால் முனையில் 1.5 மி.மீ. துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியில் கோத்த மணிவளையத்தை மாட்டுவார்கள். அது பாபின் உருளாமல் தடுத்து, நூலுக்கு வேண்டிய இழுப்பையும் தருகிறது. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் கம்பிக்கும் மணிக்கும் அலைய வேண்டியதில்லை. ஓர் இணையின் இரு பாபின்களும் ஒரே எடையில் இருக்கும்படி, மணிகளைக் கூட்டியோ குறைத்தோ சிறு தராசில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அறுத்தபின் மிஞ்சும் தடித்த துண்டுகளில் கைப்பிடி கடைந்து, தையல் ஊசியின் காதுப் பக்கத்தை உள்ளே ஒட்டிவிட்டால், லேஸ் வடிவம் குறித்த மாதிரித் தாளில் துளை குத்தும் கருவியும் கிடைத்துவிடும்.