பெயிண்ட் அளவைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு முன் சேலத்துப் பெயிண்ட் கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “ஆயிரம் சதுர அடி வீடு, எத்தனை லிட்டர் ஆகும்?” என்பதுதான். கணக்கு தவறத் தொடங்குவதும் அங்கேதான். ஏனெனில் அந்த ஆயிரம் என்பது தரையின் பரப்பு. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் தரை 120 சதுர அடியாக இருக்க, 10 அடி உயரமுள்ள அதன் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடியாகின்றன. ஒரு கதவுக்கு 21, நான்கடிச் சதுரச் சன்னல்கள் இரண்டுக்கு 32 எனக் கழித்தால் 387 மிஞ்சும். சீலிங்குக்கு உரிய 120 தனி. தரைப்பரப்பை மூன்றரையால் பெருக்கும் பெயிண்டர்களின் வழக்கம் உத்தேசச் செலவை அறியப் போதும். ஆனால் சிறிய அறைகள் மிகுந்த வீட்டில் அது குறைவாகவும் பெரிய கூடத்தில் அதிகமாகவும் காட்டும் என்பதால், வாங்கும் முன் டேப் பிடித்து அளப்பதே சரி.

அடுத்த தவறு, டப்பாவில் அச்சிட்டுள்ள பரப்பை அப்படியே நம்புவது. அந்த எண் ஒரு கோட்டுக்கா (ஒரு முறை அடிக்கும் பூச்சுக்கா), இரண்டு கோட்டுக்கா என்று பார்க்காமல் வாங்கினால் பாதி வேலையில் பெயிண்ட் தீர்ந்துவிடும். மேலும், அது பட்டி எனும் மாவுப்பூச்சால் மேடுபள்ளம் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் எனும் அடிப்பூச்சு அடித்த வழவழப்பான சுவருக்கு உரிய எண். அத்தகைய சுவரில் உள்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி வரும் என்று கொண்டால், மேற்சொன்ன 387-க்குச் சுமார் மூன்றேகால் லிட்டர் ஆகும். 4 லிட்டர் வாளி ஒன்று போதும். பிரைமரைச் செலவென்று தவிர்ப்பவர்கள் உண்மையில் மிச்சம் பிடிப்பதில்லை. புதிய பட்டி விலை உயர்ந்த வண்ணத்தையே உறிஞ்சிக்கொள்ளும்.

வெளிச்சுவரை உள்சுவரின் கணக்கில் சேர்க்கவே கூடாது. சொரசொரப்பான பூச்சில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வந்தாலே நல்லது. சன்ஷேடின் அடிப்பக்கம், கைப்பிடிச்சுவரின் உட்பக்கம் ஆகியவற்றைப் பலரும் அளக்க மறக்கிறார்கள். ஏற்காட்டில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். பனிமூட்டத்தாலும் மழையாலும் பாசி பிடித்த சுவரைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே எத்தனை இடத்தில் பழைய வண்ணம் உரிந்திருக்கிறது, எங்கெல்லாம் மீண்டும் பிரைமர் வேண்டும் என்பது தெரியும். எனவே அங்கே கழுவுவதற்கு முன் போடும் கணக்கு எதுவும் நிலைக்காது.

கடையில் இயந்திரத்தில் கலந்து தரும் நிறத்தைப் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், அளவுக்கு மீறி வாங்குவதும் நட்டமே. பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினால் போதும். வாளிகள் பல என்றால் அடிக்கும் முன் ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். அதையும் மீறித் தீர்ந்துபோனால், சுவரின் நடுவில் நிறுத்தாமல் மூலை வரை முடித்துவிட்டு, நிறத்தின் குறியீட்டு எண்ணைக் காட்டி மறு வாளி வாங்குங்கள்.