காய்ச்சல் விட்ட குழந்தையை நர்சரிக்கு எப்போது அனுப்பலாம்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒன்றரை வயசு முதல் நாலு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு நர்சரி நடத்துகிறேன். அம்மாக்களில் பலர் கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், சிலர் விடிந்ததும் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுகிறவர்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஓணம் வரைக்கும் காலையில் எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே கேள்விதான்: "டீச்சர், இன்னைக்குக் கொண்டாந்து விடலாங்களா?" ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால் காய்ச்சல். காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல், 24 மணி நேரம் சூடு ஏறாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு அனுப்பலாம்.

இந்த 'மருந்து கொடுக்காமல்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாரசிட்டமால் நாலு முதல் ஆறு மணி நேரம் வரைதான் தாங்கும். காலை ஏழு மணிக்கு சிரப் கொடுத்துக் கொண்டுவந்து விட்டால், எட்டரைக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் உள்ளே வரும், பொம்மையை இழுத்துக்கொண்டு ஓடும். பதினொன்றரை ஆகும்போது செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் பாயில் சுருண்டு படுத்திருக்கும். கஞ்சியும் பயறும் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காது மடலைத் தொட்டால் கொதிக்கும். அம்மாவுக்குப் போன் போட்டால் ஷிப்ட் நடுவில் எடுக்க முடியாது. அது வரைக்கும் அந்தப் பிள்ளை படுகிற பாடு இருக்கிறதே, பார்க்கவே முடியாது. அதனால் ஒரு காரியம் செய்யுங்கள்: மருந்து கொடுத்த நேரத்தை ஒவ்வொரு தடவையும் காலண்டரில் எழுதி வையுங்கள். கடைசி வேளைக்குப் பிறகு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சூடு வராமல் கழிய வேண்டும். சூடு பெரும்பாலும் சாயங்காலம்தான் ஏறும், காலை அளவை மட்டும் நம்பக் கூடாது.

காய்ச்சல் விட்டதும் பிள்ளை பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். தானாகப் பசி கேட்கிறதா, மூத்திரம் வழக்கம்போல் போகிறதா, விளையாட இறங்குகிறதா. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் டெங்கு. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் குறையும். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். சூடு இல்லை, ஆனால் பிள்ளை துவண்டு கிடக்கிறது, வயிறு வலிக்கிறது என்று அழுகிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரங்கெட்ட நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் கேரளத்தில் திசா என்கிற அரசு சுகாதார உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் இருக்கட்டும். ஜிங்க் மருந்தை 14 நாள் கொடுக்கச் சொல்லியிருந்தால் அது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே ஒரு வேளை கொடுத்துவிட்டு அனுப்பலாம்.

மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமல் இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். சளி பச்சையாக இருக்கிறது என்பதற்காக நிறுத்த வேண்டாம். இருமல் முழுசாக அடங்க இரண்டு வாரம்கூட ஆகும். அதை அடக்கக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் தூங்கும்போது சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒரு நிமிஷத்துக்கு 40 மூச்சோ அதற்கு மேலோ இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது, எங்கள் பக்கம் எல்லோரும் பயப்படுகிற தக்காளிக் காய்ச்சல். 2022 மே மாசம் கொல்லத்தில் பிள்ளைகளுக்கு வந்தபோது வாளையாறு செக்போஸ்டில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறை ஆட்கள் நின்று குழந்தைகளைப் பார்த்து அனுப்பினார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அது கை, கால், வாயில் கொப்புளம் வரும் வைரஸ் நோயின் ஒரு வடிவம்தான் என்று பிறகு தெரிந்தது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே ஆறிவிடும். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி எச்சில் வடியாமல் சாப்பிட ஆரம்பித்து, கொப்புளமும் வற்றிவிட்டால் அனுப்பலாம். ஆனால் கிருமி மலத்தில் பல வாரம் இருக்கும். ஜட்டி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சானிடைசர் இதற்குப் போதாது. சில பிள்ளைகளுக்கு ஒரு மாசம் கழித்து நகம் கழன்று வரும். பயப்பட வேண்டாம், புது நகம் முளைக்கும்.

சின்னம்மைக்கு எத்தனை தண்ணி ஊற்றியாயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். தண்ணி ஊற்றுங்கள், வேப்பிலையும் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நர்சரிக்கு அனுப்புகிற கணக்கு, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும் என்பதே. முடிக்குள்ளேயும் முதுகிலும் விலக்கிப் பாருங்கள், ஈரமான கொப்புளம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டம்மை என்றால் தடிப்பு வந்து நாலு நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கி ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும். சர்க்கார் ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து இல்லை, ஊசி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். கண்ணு செவந்து பூளை கட்டினால், பூளை நிற்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள். என் நர்சரியில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

என்ன நோய் வந்தது என்பதை மறைக்காமல் டீச்சரிடம் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கலாம், எங்கள் ஆயாக்களில் ஒருத்தி மாசமாக இருக்கலாம். அம்மை பார்த்த பிள்ளை என்று தெரிந்தால்தான் அந்த ஆயாவை வேறு அறையில் இருக்கச் சொல்ல முடியும்.

திரும்பி வருகிற முதல் நாள் முடிந்தால் மத்தியானம் வரைக்கும் மட்டும் விடுங்கள். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து கூட்டிப்போகலாம், அவர்கள் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். பையில் இரண்டு ஜோடி உடுப்பு அதிகம், தனித் துண்டு, தனி டம்ளர். மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் டாக்டர் சீட்டோடு பாட்டிலை டீச்சர் கையில் கொடுங்கள், பைக்குள் போடாதீர்கள். ஒரே பேரில் இரண்டு வீரியத்தில் சிரப் வருகிறது, சீட்டைப் பார்க்காமல் நாங்கள் மூடியைத் திறக்க மாட்டோம்.