காது அடைத்த பிள்ளைக்கு நாக்குப் பயிற்சி: வடசென்னை ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கத்துப் பிள்ளைகளின் கேஸ் ஹிஸ்டரியில் பிரசவம், மஞ்சள் காமாலை, முதல் சொல் வந்த வயது எல்லாம் எழுதியிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் அனல்மின் நிலையமா, குப்பைமேடா, கண்டெய்னர் லாரி ரோடா? அப்பாவுக்கு என்ன வேலை? வீட்டுக்குள் எது புகைகிறது? இவற்றைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் விட்டால் சிகிச்சை வேறு திசையில் போய்விடும்.

நாலு வயதுப் பையன் 'அம்மா' என்பது 'அப்பா' போலக் கேட்கிறது, 'நாய்' என்பது 'தாய்' ஆகிறது என்று வையுங்கள். உடனே கண்ணாடி முன் உட்காரவைத்து 'ம', 'ந' பழக்கத் தொடங்குவது வீண்வேலை. முதலில் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். பிறகு ஸ்டீல் ஸ்பூனை மூக்கடியில் பிடித்து, இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் அடைப்பு மூக்கில். நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீக்கமா, அலர்ஜியா என்பதை இ.என்.டி. டாக்டர் சொல்லட்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, 'பிறந்தப்பவே காது டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு' என்பதை நம்பிக்கொண்டிருப்பது. புகையும் அடிக்கடி வரும் சளியும் சேர்ந்தால் நடுக்காதில் நீர் தேங்கும். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. கேட்கும் திறன் 20 முதல் 30 டெசிபல் குறையும்; ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். 'கடைக்கு', 'கடையில' என்ற வேறுபாடு சொல்லின் வாலில்தான் இருக்கிறது, அந்த வால்தான் முதலில் கேட்காமல் போகிறது. நாம் அதை இலக்கணக் குறை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறோம். பேச்சுத் தாமதம் என்று வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆடியோகிராமும் (எவ்வளவு கேட்கிறது என்ற சோதனை) டிம்பனோமெட்ரியும் (செவிப்பறை சரியாக அசைகிறதா என்ற சோதனை) புதிதாக எடுக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள்; ஏற்கெனவே பேச்சு பின்தங்கிய பிள்ளைக்கு அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

அப்பாவின் வேலைக்கு வருவோம். காயலான் கடை, பழைய பேட்டரி பிரிப்பது, பழைய பெயின்ட் சுரண்டுவது என்றால் காரீயத் தூள் சட்டையோடு வீட்டுக்கு வரும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கவனம், கற்றல், மொழி எல்லாவற்றையும் அது தொடும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை மண்ணோ சுவரோ தின்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சொல்ல வேண்டியதை நீட்ட வேண்டாம்: "சட்டைய மாத்தி, கை கால் கழுவிட்டுப் புள்ளயத் தூக்குங்கண்ணா."

ஆலைப் புகையையே பேசிக்கொண்டிருந்துவிட்டு, குளிப்பாட்டிய குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணியையும், கதவடைத்த அறையில் ராத்திரி முழுக்க எரியும் கொசுவத்தியையும் மறந்துவிடுகிறோம். ஆலையை மூடவைக்க நம்மால் ஆகாது. கொசுவலை கட்டச் சொல்லலாம்.

நேர்எதிர்த் தவறும் உண்டு, எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடுவது. 2023 டிசம்பரில் எண்ணூர் உர ஆலைக் குழாயில் ஏற்பட்ட அமோனியா கசிவைச் சொல்லி, "அதனாலதான் பேச்சு வரலியா சார்?" என்று ஒரு தாய் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். ஒரு தனிப் பிள்ளையின் தாமதத்துக்கு அப்படிக் காரணம் கட்ட முடியாது. அவர் குற்ற உணர்ச்சியோடு வீடு மாறக் கடன் வாங்குவதுதான் மிச்சம். உடம்பிலிருந்து நஞ்சை எடுக்கிறேன் என்பவர்களிடமும் அனுப்பாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவன் கீலேஷன் (மருந்து கொடுத்து உடம்பிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவது) சிகிச்சையில் இறந்தே போனான்.

வீசிங் உள்ள பிள்ளைக்கு பலூன் ஊதும் பயிற்சி வேண்டாம். அதனால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. குரல் கரகரத்தால் ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்கிறதா என்று விசாரியுங்கள்.

மறுமதிப்பீட்டுக்கு நாள் குறிக்கும்போது போகியை ஒட்டிய வாரத்தை விட்டுவிடுங்கள். டயரும் பாயும் எரிந்த மறுநாள் மூக்கடைப்போடு வரும் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பழையதோடு ஒப்பிட்டால், தெரபி பலிக்கவில்லை என்று தப்புக்கணக்காகிவிடும்.