நாயோடு குடியம் மலைக்காட்டுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு

வடசென்னைத் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கடல் தெரியும், துறைமுகத்துக் கிரேன் தெரியும், மலை தெரியாது. ஆனால் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று வண்டியை விட்டால் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், குடியம் மலைக்காடு வந்துவிடும். கற்கால மனிதர்கள் தங்கிய குகைகள் அங்கே இருக்கின்றன. காலையில் போய் மத்தியானம் வீடு திரும்பிவிடலாம்.

என் சீனி 17 கிலோ நாட்டு நாய். இதுவரை ஆறு முறை காடு ஏறியிருக்கிறாள். முதல் முறை நான் செய்த தவறுகளுக்கு அவள்தான் கஷ்டப்பட்டாள். உங்கள் நாய்க்கு அது நேரக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அனுமதி

குடியம் காப்புக்காடு. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது. கேட்கும்போது "நாயும் வருகிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வேறு இடம் பார்க்கலாம். தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம் பக்கம் நாயைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கவே வேண்டாம். நம் நாய் கொண்டுபோகும் நோய் அங்கிருக்கும் நரிக்கும் மற்ற விலங்குகளுக்கும் பரவும்.

இரண்டாம் படி: உங்கள் நாய்க்கு ஏற்றதா?

பக், ஷிட்ஸூ மாதிரி முகம் தட்டையான நாய்களுக்கு நம் ஊர் வெயிலில் மலை வேண்டாம். அவற்றுக்கு மூச்சு விடுவதே பாடு. ஒரு வயது ஆகாத குட்டிக்கு எலும்பும் மூட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அதற்கும் பொறுங்கள். ரேபிஸ் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசி இரண்டும் தேதி தாண்டாமல் இருக்கட்டும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே உண்ணிக்கு மருந்து கொடுத்துவிட வேண்டும். மாத்திரையா, முதுகில் விடும் சொட்டா என்பதை மருத்துவர் நாயின் எடையைப் பார்த்துச் சொல்வார்.

மூன்றாம் படி: ஆறு வாரப் பழக்கம்

தெருமுனை வரை நடந்த நாயைத் திடீரென்று மலையில் விட்டால் பாதம் உரிந்துவிடும். நம் பக்கத்தில் மேடு கிடையாது, மணல் இருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்குத் திருவொற்றியூர் கடற்கரை மணலில் அரை மணி நேரம் நடந்து தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். ஏறி இறங்கும் பழக்கத்துக்கு ஹவுசிங் போர்டு மாடிப்படி போதும். நான்கு மாடி ஏறி மெதுவாக இறங்குவதை வாரத்தில் மூன்று நாள் செய்தோம். இறங்குவதில்தான் முன்னங்காலுக்கு வேலை அதிகம், அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த ஆறு வாரத்தில் "விடு" என்ற ஒரு சொல்லைக் கட்டாயம் பழக்குங்கள். வாயில் எடுத்ததையும் முறைத்துப் பார்ப்பதையும் உடனே விட வேண்டும். கையில் வேகவைத்த கோழித் துண்டை வைத்துக்கொண்டு, அது விட்ட மறு நொடி கொடுங்கள். குடியம் கிராமத்தைத் தாண்டும்போது ஆடுகள் வரும், காட்டுக்குள் முயல் ஓடும், காட்டுப்பன்றி கூட எதிரே வரலாம். பயிற்சிக்கு நம் தெரு மாடுகளே போதும். மாட்டைப் பார்த்தும் லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) தளர்வாக இருந்தால் நாய் தயார். இருந்தாலும் காட்டில் லீஷைக் கழற்றக் கூடாது. நாய் துரத்தி ஓடினால் முயலுக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து.

நான்காம் படி: பையில் என்ன

கழுத்துப் பட்டையை விட நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. செங்குத்தான இடத்தில் நாயைத் தாங்கிப் பிடிக்கலாம், மூச்சுக்குழல் நசுங்காது. ஆறடி லீஷ் போதும். இழுத்தால் நீளும் வகை புதரில் சிக்கிக்கொள்ளும்.

தண்ணீர் நாய்க்கென்று தனியாக இரண்டு லிட்டர். கிண்ணம், இடுக்கி, துணிக்கட்டு, நாயைத் தூக்கி வருவதற்கு ஒரு பழைய பருத்திச் சேலை. சேலை கட்டாயம், சீனியை நான் அப்படித்தான் ஒருமுறை கீழே கொண்டுவந்தேன். சாப்பாட்டுக்கு மசாலா போடாத கோழியும் சாதமும், அல்லது தாளிக்காத தயிர்சாதம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம், அதனால் நம் கட்டுச்சோற்றில் பங்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: அந்த நாள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வீட்டிலிருந்து நான்கு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். பத்து மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். முந்தின இரவே வயிறாரக் கொடுத்துவிட்டு, காலையில் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடும் நாய்க்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

பாதை முழுக்கக் கூழாங்கல். மலைப்பாறையிலேயே குவார்ட்சைட் கற்கள் பதிந்து கிடக்கும். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்த கற்கோடரிகள் இந்தக் கல்லில் செதுக்கியவைதான். கோடரி செய்கிற அளவுக்குக் கடினமான கல், உடைந்த விளிம்பு பாதத்தைக் கீறிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று விரல் இடுக்கில் முள், கல், புல் நுனி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி நிற்கும்போதே தண்ணீரும் கொடுங்கள். குட்டை நீரைக் குடிக்க விட வேண்டாம், எலிக்காய்ச்சல் அதிலிருந்து வரலாம்.

குகைப் பாறையில் மலைத்தேன் கூடு இருந்தால் சத்தம், புகை, செண்ட் எதுவும் கூடாது. நாய் குரைக்கும் சுபாவம் என்றால் தூரத்திலிருந்தே குகையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். நடக்க விடாமல் சேலையில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து நாய்க்கும் உண்டு. திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கம் எந்தக் கால்நடை மருத்துவர் கிடைப்பார் என்று விசாரித்து, எண்ணை முந்தின நாளே போனில் ஏற்றிவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பெரிய இடம்தான், ஆனால் அங்கிருந்து ரொம்பத் தூரம்.

ஆறாம் படி: வெயில்

இதை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவே ஏழரை ஆகிவிட்டது, அதுவும் பிப்ரவரிக் கடைசி. பதினொரு மணிக்குச் சீனி ஒரு புதர் நிழலில் படுத்துவிட்டாள். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து லீஷை இழுத்தேன். அந்த இழுப்பை நினைத்தால் இன்றும் மனசு தாங்கவில்லை. அவளுக்கு எச்சில் கெட்டியாக வடிந்தது, ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு அகலமாகத் தொங்குவது, நிழலை நிழலாகத் தேடிப் போவது, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவது, இவை முதல் அறிகுறிகள். அப்போதே திரும்ப வேண்டும், குகை இன்னும் நூறு அடி என்றாலும் சரி. தள்ளாட்டமோ வாந்தியோ வந்தால் உடனே நிழல், வயிறு தொடை பாதம் எல்லாம் நனைய நனையத் தண்ணீர், துண்டால் விசிறல். ஈரத் துணியைப் போர்த்தி மூடக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்ததும்

காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, வாலடி என்று கையால் தடவி உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத் தூங்க விடுங்கள். இரண்டு நாள் நீண்ட நடை வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். போய்வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, மூன்றாவது வாரக் கடைசியிலும் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். அதற்குள் சீனி சோற்றை மோந்துவிட்டுத் திரும்பினாலோ, ஈறு வெளுத்தாலோ, ரத்தப் பரிசோதனைக்கு அன்றே கிளம்பிவிடுவோம்.