சிறு மான் வேட்டைக்கு எந்தக் குண்டு? .223, .243 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு

இது பிரிட்டனில் முறையான உரிமத்தோடு மான் வேட்டையில் இறங்குபவர்களுக்கானது. அங்கே சிறு மான் என்றால் ரோ, மண்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய மூன்றும்தான். மண்ட்ஜாக் 10 முதல் 18 கிலோ வரை இருக்கும். ரோ பெரும்பாலும் 25 கிலோவுக்குள். மண்ட்ஜாக் நம் காடுகளில் இருக்கும் கேளையாட்டுக்கு நெருங்கிய இனம். இந்தியாவில் கேளையாட்டைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் மண்ட்ஜாக் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காட்டில் பெருகிய விலங்கு. இளஞ்செடிகளையும் காட்டுப் பூக்களையும் மேய்ந்து தீர்த்துவிடுவதால் அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறார்கள்.

படி 1: சட்டம் என்ன கேட்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரோ மானைச் சுட காலிபர் (குழலின் உள்விட்டம்) குறைந்தது .240 அங்குலம் இருக்க வேண்டும். குழல்வாயில், அதாவது குண்டு குழலை விட்டு வெளியேறும்போது, குறைந்தது 1,700 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். ஆகவே பலரும் .243-இல் தொடங்குகிறார்கள். மண்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் 2007-இல் சலுகை வந்தது: .220 காலிபர், 1,000 அடி-பவுண்டு, குண்டின் எடை 50 கிரெயினுக்குக் (சுமார் 3.2 கிராம்) குறையக் கூடாது. ஸ்காட்லாந்தில் ரோவுக்கே 50 கிரெயின், விநாடிக்கு 2,450 அடி வேகம், 1,000 அடி-பவுண்டு போதும். அதாவது எல்லைக்கு வடக்கே ரோ மானைச் சுடும் அதே .223, தெற்கே வந்தால் சட்டவிரோதம். வட அயர்லாந்துக்குத் தனி விதிகள். எங்கேயானாலும் உடலில் பட்டதும் விரியும் குண்டையே எடுக்க வேண்டும். முழு உலோக உறை போட்ட குண்டு வேண்டவே வேண்டாம்.

படி 2: தோட்டாப் பெட்டியில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள்

வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதைக் குண்டின் எடையால் பெருக்கி, 450,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு கிடைக்கும். 55 கிரெயின், 3,240 அடி வேகம் என்றால் சுமார் 1,280. உங்கள் குழல் குட்டையாக இருந்தால் பெட்டியில் போட்ட வேகம் வராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 3: குண்டு எப்படிச் செய்யப்பட்டது?

புதியவர்கள் காலிபரைப் பற்றியே பேசுவார்கள். என் கருத்தில் சிறிய காலிபரில் குண்டின் அமைப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாதாரணக் குண்டு என்பது உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலவை உறை. நரி, முயல், காகம் போன்றவற்றுக்கான குண்டுகளில் இந்த உறை மிக மெல்லியது. ஹார்னடி வி-மேக்ஸ், சியர்ரா பிளிட்ஸ்கிங் எல்லாம் இந்த வகை. பட்டவுடன் சிதற வேண்டும் என்றே அவற்றைச் செய்கிறார்கள். அது மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, நுரையீரலை எட்டாமல் பெரிய காயத்தை மட்டும் உண்டாக்கலாம். அந்த மான் ஓடிப்போய் எங்கோ புதரில் மெதுவாகச் சாகும். வேட்டைக்காரன் ஒரு விலங்குக்குச் செய்யக் கூடாத கொடுமை அது.

எடையும் ஆற்றலும் சட்டத்தைத் தாண்டிவிட்டன என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். .243-இல் 58 கிரெயின் வி-மேக்ஸ் வேகமாகப் போவதால் 1,700-ஐத் தாண்டிவிடும். ஆனாலும் அது மானுக்கான குண்டு இல்லை.

.223-இல் தேட வேண்டியவை: 60 கிரெயின் நோஸ்லர் பார்ட்டிஷன் (நடுவில் உலோகத் தடுப்பு இருப்பதால் முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உள்ளே போகும்), 62 கிரெயின் ஃபெடரல் ஃப்யூஷன், 65 கிரெயின் சியர்ரா கேம்கிங். .243-க்கு 100 கிரெயின் சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் உறையின்றித் தெரியும் குண்டு) பல காலமாக நம்பகமாக வேலை செய்கிறது. ஈயமே வேண்டாம் என்றால் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டுகள் இருக்கின்றன. அவை உடையாமல் ஆழமாகப் போகும். இறைச்சியில் ஈயத்துகள் கலக்காது. வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடப் போகிற கறி என்றால் நான் செம்பைத்தான் சொல்வேன்.

படி 4: குழலின் முறுக்கு

குழலுக்குள் இருக்கும் திருகு வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்று பாருங்கள். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். .223-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் பொதுவாக 55 கிரெயினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 9 அல்லது 8 அங்குலம் என்றால் 60-க்கு மேலும் போகலாம். பழைய .222, .22-250 ரைஃபிள்கள் பல 14 அங்குலம். செம்பு ஈயத்தைவிட இலேசானது, அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். ஆகவே ஒரு படி எடை குறைந்ததை எடுங்கள், ஆனால் 50-க்குக் கீழே இறங்காதீர்கள்.

படி 5: சுட்டுப் பாருங்கள்

இரண்டு மூன்று வகை வாங்கி, 100 கெஜத்தில் வரிசையாகச் சுடுங்கள். மூன்று குண்டும் 4 அங்குல வட்டத்துக்குள் விழுவது மிகக் குறைந்தபட்சம். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த தோட்டா அடுத்த ரைஃபிளுக்குப் பிடிக்காது. விலையும் பெயரும் இதில் உதவாது.

அப்புறம், சிறிய குண்டுக்குத் தூரம் எதிரி. சட்டம் கேட்பது குழல்வாய் ஆற்றலை. மானிடம் போய்ச் சேரும்போது அது நிறையக் குறைந்திருக்கும். தொடக்கத்தில் 100 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தைக் குறிவையுங்கள். தலை, கழுத்து வேண்டாம். மண்ட்ஜாக் புதருக்குள் நிற்கும் விலங்கு. நடுவில் ஒரு சுள்ளி இருந்தாலும் குண்டு திசை மாறும், காத்திருங்கள்.

உரிக்கும்போது குண்டு எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது, நுரையீரல் என்ன ஆனது என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதி வையுங்கள். வெளியேறும் துளையே இல்லை, நுழைந்த இடத்தில் மட்டும் கறி நாசமாகியிருக்கிறது என்றால் அந்தக் குண்டு சீக்கிரமே உடைகிறது. அடுத்த முறை கெட்டியான வகைக்கு மாறி, குறியை மறுபடி 100 கெஜத்தில் சரிசெய்த பிறகே காட்டுக்குள் போங்கள்.