விடியற்காலை விமானமா? ஓட்டலிலிருந்து கிளம்புவதில் நடக்கும் தவறுகள்

காலை 6:40க்கு விமானம். முந்தைய நாள் மாலை 7 மணிக்கே ஓட்டல் ரிசப்ஷனுக்குப் போய், விடியற்காலை 4 மணிக்கு விமான நிலையம் போக டாக்சி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கே இருந்தவர் சரி என்று தலையாட்டினார். நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் 3:55க்குப் பெட்டியோடு கீழே வந்தால் வாசலில் வண்டி இல்லை. ரிசப்ஷனில் வேறொருவர் இருந்தார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். என் அறை எண் அதில் எங்குமே இல்லை. பாவம், அவர் நான்கு பேருக்கு போன் போட்டார், ஒருவர்தான் எடுத்தார். வண்டி வந்தபோது மணி 4:40. செக்-இன் கவுன்டர் மூடச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த இரவுப் பணியாளர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாலையில் தலையாட்டியவர் தன் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து விடியற்காலைப் பயணம் என்றால் எந்த ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: அந்த நேரத்தில் எனக்காக விழித்திருக்கப்போவது யார்? பகலில் ஒரு வண்டி வராவிட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று கிடைத்துவிடும். 4 மணிக்கு அப்படிக் கிடையாது. பகலில் சின்னதாகத் தெரியும் தவறுகள்கூட அந்த நேரத்தில் விமானத்தையே தவறவிட வைத்துவிடும்.

மாலையில் சொன்னால் போதும் என்று நினைப்பது

பெரும்பாலான ஓட்டல்களில் மாலை ஷிஃப்ட் இரவு 11 மணி வாக்கில் முடிகிறது. காலையில் உங்களை வழியனுப்பப்போகிறவர் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வருகிறார். ஆகவே மாலையில் சொன்னது பாதி வேலைதான். 11 மணிக்கு மேல் விழித்திருந்தால் ஒரு நிமிடம் கீழே போய், இல்லாவிட்டால் அறையிலிருந்து போன் செய்து, இரவுப் பணியாளரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "டாக்சி சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டால் "சொல்லியாச்சு" என்றுதான் பதில் வரும். "டிரைவர் பெயர் என்ன, போன் எண் என்ன, வண்டி எண் என்ன?" என்று கேளுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் ஏற்பாடு நடந்திருக்கிறது என்று நம்பலாம். இல்லையென்றால் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

சீக்கிரம் தூங்கப் போகிறவர்கள், மாலையில் இருப்பவர் உங்கள் கண் முன்னே குறிப்பேட்டிலோ கணினியிலோ எழுதும்வரை அங்கேயே நிற்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதோடு 3:15க்கு எழுப்பச் சொல்லும்போது, வண்டி உறுதியாகிவிட்டதா என்பதையும் அதே போனில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எழுப்புகிறவர் அதற்காகவே ஒருமுறை டிரைவருக்கு போன் செய்து பார்ப்பார். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தால் அவரும் எழுந்துவிடுவார். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய, பலன் தரும் வழி இல்லை.

சிறிய விடுதிகளில் இரவில் ரிசப்ஷனில் ஆளே இருக்க மாட்டார்கள். அங்கே டாக்சியைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாசல் கதவை யார் திறப்பார்கள்? சில இடங்களில் உள்ளிருந்து திறக்கலாம், சில இடங்களில் சாவி வேண்டும். சாவியை எங்கே போட்டுவிட்டுப் போவது என்பதையும் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். வெளியே வண்டி காத்திருக்க, பூட்டிய கேட்டுக்கு உள்ளே நிற்பது மிகக் கொடுமை.

செயலியில் பதிவு செய்தால் வண்டி உறுதி என்று நம்புவது

டாக்சி செயலிகளில் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பதிவானதும் பச்சை நிறத்தில் ஒரு டிக் வருகிறது, மனசு நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் பல சேவைகளில் அந்தப் பதிவு, நீங்கள் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னால் பக்கத்தில் இருக்கும் டிரைவர்களுக்குப் போகும் ஒரு கோரிக்கை மட்டும்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்து, எடுத்துக்கொண்டால்தான் வண்டி. வேறு சிலவற்றில் முந்தைய நாளே டிரைவரை ஒதுக்கிவிடுவார்கள். உங்களுடையது எந்த வகை என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துப் பாருங்கள். டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் திரையில் வரும்வரை உங்களுக்காக யாரும் விழித்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இங்கே நடக்கும் இன்னொரு தவறு காத்திருப்பது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், இதோ கிடைத்துவிடும், இதோ கிடைத்துவிடும் என்று அரை மணி நேரம் போய்விடும். ஆகவே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. கிளம்பும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு வரை டிரைவர் பெயர் வரவில்லை என்றால், உடனே அடுத்த வழிக்குப் போய்விட வேண்டும். அந்த அடுத்த வழி, அதாவது ஓட்டல் வண்டியோ உள்ளூர் டாக்சி நிறுவனமோ, அதன் போன் எண் முந்தைய இரவே ஒரு தாளில் இருக்க வேண்டும். தாளில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாள் கணக்கில் வாங்கிய இணைய வசதி நள்ளிரவோடு முடிந்துபோவதுண்டு. வெளிநாட்டில் புது சிம் போட்டிருந்தால், பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் கழற்றி வைத்த பழைய சிம்முக்குப் போய்விடும். ஆகவே அந்தச் செயலியை முதல்முறையாகப் பயன்படுத்துவது கடைசி நாள் விடியற்காலையாக இருக்க வேண்டாம். பயணத்தின் நடுவில் ஏதாவது ஒரு சின்னத் தூரத்துக்குப் பயன்படுத்திப் பார்த்துவிடுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. 14ஆம் தேதி 00:15க்கு விமானம் என்றால், நீங்கள் ஓட்டலை விட்டுக் கிளம்ப வேண்டியது 13ஆம் தேதி இரவு. 14ஆம் தேதி என்று மட்டும் மனதில் பதிந்து, அன்று இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விமானம் போய் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகியிருக்கும்.

இதன் இன்னொரு வடிவம் பேச்சில் வருகிறது. இரவு வெளியே போய்விட்டு 12:30க்குத் திரும்புகிறீர்கள். ரிசப்ஷனில் "நாளைக் காலை 4 மணிக்கு வண்டி" என்கிறீர்கள். உங்களுக்கு அது இன்னும் மூன்றரை மணி நேரத்தில். ஆனால் தேதி மாறிவிட்டது, கேட்பவருக்கு அது மறுநாள். ஆகவே நாளை, இன்று என்ற சொற்களையே தவிர்த்துவிடுங்கள். "14ஆம் தேதி, வியாழக்கிழமை, 04:00" என்று எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரக் கணக்கில் எழுதினால் மாலை 4 என்று யாரும் புரிந்துகொள்ள முடியாது.

ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறும். மார்ச்சில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகிறது, அதாவது உங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். போன் தானாக மாறிக்கொள்ளும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம்.

விமானம் புறப்படும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவது

கணக்கைத் தொடங்க வேண்டியது கவுன்டர் மூடும் நேரத்திலிருந்து. சர்வதேச விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பு கவுன்டரை மூடிவிடுகின்றன. கவுன்டர் மூடும் நேரம் என்று உங்கள் டிக்கெட்டில் போட்டிருப்பதே முடிவானது. 6:40 விமானத்துக்கு 5:40க்குக் கவுன்டர் மூடும் என்றால், 4:40க்காவது வரிசையில் நிற்க வேண்டும். பயணம் 50 நிமிடம் என்றால் 3:50. வண்டி தாமதிக்க, வழி தவற என்று 20 நிமிடம் சேர்த்தால் 3:30. முதலில் 4 மணி போதும் என்று தோன்றியது, எண்ணிப் பார்த்தால் போதவில்லை.

பயண நேரத்தை முந்தைய நாள் மாலை நெரிசலில் பார்த்து பயப்படவும் வேண்டாம், இரவு 1 மணிக்குப் பார்த்து அசட்டையாக இருக்கவும் வேண்டாம். கூகுள் மேப்ஸில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் அல்லது எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று குறிப்பிட்டுப் பார்க்கலாம். விடியற்காலையில் சாலை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கூட்டம் விமான நிலையத்துக்கு உள்ளேதான். இரவு தங்கிய விமானங்களை நிறுவனங்கள் காலை 6, 7 மணி வாக்கில் அடுத்தடுத்து அனுப்புகின்றன. அத்தனை பயணிகளும் 5 மணிக்குப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருப்பார்கள். ஊரே தூங்குகிறது, விமான நிலையமும் காலியாக இருக்கும் என்ற எண்ணம் பலரை ஏமாற்றியிருக்கிறது.

அதற்காக 2 மணிக்கே போய் நிற்பதும் எல்லா இடத்திலும் சரிவராது. சில விமான நிலையங்கள் இரவில் மூடிவிடுகின்றன. பல கவுன்டர்கள் புறப்படுவதற்கு 2, 3 மணி நேரம் முன்புதான் திறக்கின்றன.

முதல் ரயிலை நம்புவது

பகலில் அருமையாக ஓடும் மெட்ரோ அந்த நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். டோக்கியோ ரயில்கள் நள்ளிரவு தாண்டியதும் நின்று விடியற்காலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கும். லண்டன் சுரங்க ரயில் இரவு முழுக்க ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில தடங்களில்தான். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் மற்ற நாட்களைவிடத் தாமதம். முதல் ரயிலே நேரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை. அது ரத்தானால் அடுத்த ரயிலுக்குள் கவுன்டர் மூடிவிடும். ஞாயிறு விடியற்காலையில் இன்னொன்றும் உண்டு: மாரத்தான் ஓட்டத்துக்காக நகர மையத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அன்று ஊரில் ஏதாவது நடக்கிறதா என்று டிரைவரிடமோ ரிசப்ஷனிலோ ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஓட்டலே விமான நிலையத்துக்கு விடும் ஷட்டில் வண்டி இலவசம் என்பதால் பலர் அதையே நம்புகிறார்கள். முதல் வண்டி எத்தனை மணிக்கு, இடம் முன்பதிவு செய்ய வேண்டுமா, வழியில் வேறு ஓட்டல்களில் நிற்குமா என்று மூன்றும் தெரிந்த பிறகு நம்பலாம்.

"விமான நிலையம்" என்று மட்டும் சொல்வது

லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல விமான நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பாரிஸ் என்று பெயர் போட்ட போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். தூக்கக் கலக்கத்தில் நீங்களும் டிரைவரும் வெவ்வேறு இடத்தை நினைத்துக்கொண்டு கிளம்பினால், நடு வழியில் திரும்ப நேரம் இருக்காது. டெர்மினலும் அப்படியே. ஹீத்ரோவில் 4க்கும் 5க்கும் இடையே நடந்து போக முடியாது. டிக்கெட்டையே டிரைவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஏறும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே பெயரில் ஒரே ஊரில் இரண்டு மூன்று ஓட்டல்கள் இருக்கும், ஓட்டலுக்கு இரண்டு வாசல் இருக்கும், வரைபடம் பின்பக்கத் தெருவைக் காட்டும். பெட்டிகள் எத்தனை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எரிவாயுவில் ஓடும் வண்டிகளில் டிக்கியில் பாதியை சிலிண்டரே அடைத்துக்கொண்டிருக்கலாம். குழந்தை இருக்கை வேண்டுமென்றால் அதை 4 மணிக்கு யாராலும் தேடித் தர முடியாது.

கணக்கு முடிப்பதைக் காலைக்கு ஒத்திப்போடுவது

நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டல்களில் அன்றைய வரவு செலவைக் கணினியில் முடிப்பார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பில் போட முடியாமல் போகலாம். இரவே கணக்கை முடித்து ரசீது வாங்கிவிட்டால் காலையில் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடக்கலாம். கடவுச்சீட்டை ரிசப்ஷனில் வாங்கி வைத்திருந்தால் அதையும் இரவே கேட்டு வாங்குங்கள். அறையில் இருக்கும் பெட்டகத்தைத் திறந்து காலி செய்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்குவது என் வழக்கம். டிரைவருக்குக் கொடுக்க உள்ளூர்ப் பணமும் கொஞ்சம் இருக்கட்டும். கடைசி நாள் என்று முந்தைய மாலை எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி வராமல் போகலாம், டயர் யாருக்கும் சொல்லிவிட்டுப் பஞ்சராவதில்லை. அந்த நேரத்திலும் டாக்சிகள் நிற்கக்கூடிய இடங்கள் எந்த ஊரிலும் சில உண்டு: பெரிய ரயில் நிலையம், பெரிய மருத்துவமனையின் வாசல், பெரிய ஓட்டல்களின் முகப்பு. அதில் நமக்குப் பக்கத்தில் இருப்பது எது, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க எவ்வளவு நேரம், வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று கடைசி நாள் மாலை வெளியே போகும்போது ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.